ஒரே காணி, மூன்று வேலி

தேத்தண்ணியைக் குடியுங்கள் தம்பி, ஆறப்போகிறது. நீங்கள் கேட்டதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் நாளைக்கு வேறொரு பத்திரத்தைக் கண்டு மறுபடியும் குழம்புவீர்கள். அதனால் ஆறுதலாகவே சொல்கிறேன்.

உங்கள் மூத்தவாப்பாவின் உறுதியில் திருகோணமலை மாவட்டம், கொட்டியாரப்பற்று என்று எழுதியிருக்கிறது. உங்களுக்கு வரும் கடிதங்களில் மூதூர் பிரதேச செயலகப் பிரிவு என்று இருக்கிறது. தங்கச்சியைக் கட்டிக்கொடுத்தது தோப்பூரில். அங்கே உப செயலகம் என்று ஒரு பலகை தொங்குகிறது. வாப்பாவின் வயல் அல்லைப் பக்கம்; அந்தக் கடிதங்கள் சேருவிலைக்குப் போகின்றன. “கொட்டியாரப்பற்று எண்டு ஓர் இடம் இப்ப எங்க சேர் இருக்கு?” என்று கேட்கிறீர்கள். அது எங்கும் போகவில்லை தம்பி. நாம் இருந்து தேத்தண்ணி குடிக்கும் இந்த வாங்கும் அதற்குள்ளேதான் கிடக்கிறது.

ஒரு வளவுக்குப் பாட்டன் ஒரு வேலி, தகப்பன் ஒரு வேலி, பேரன் ஒரு வேலி என்று அவரவர் தேவைக்கு அடைத்தால் மூன்றின் கதியாலும் ஒரே கோட்டில் நிற்காது. இந்தப் பிரதேசத்தின் நிலைமை அதுதான். முதல் வேலி பற்று. ஆறும் கடலும் காடும் கோயிலும் குடியிருப்பும் சேர்ந்து போட்டது. இரண்டாவது வேலி, கச்சேரி போட்டது. வரி, காணி, பதிவு, நிவாரணம் எல்லாம் அதன்படி நடக்கும். மூன்றாவது வாக்குக்காகப் போட்டது. நான் காணிக் கிளையில் லிகிதராக இருந்த காலத்தில் மேசைக்கு முன்னால் நடந்த வாக்குவாதங்களில் பாதி, ஒருவர் முதல் வேலியைச் சொல்ல மற்றவர் இரண்டாவதைச் சொன்னதால் வந்தவை. இருவருமே உண்மைதான் சொன்னார்கள்.

முதல் வேலியிலிருந்து வருவோம். திருகோணமலைத் தேசம் பழைய கணக்கில் நான்கு பகுதி. நடுவில் பட்டினமும் அதன் சூழலும், வடக்கே கட்டுக்குளப்பற்று, மேற்கே தம்பலகாமப்பற்று, குடாவுக்குத் தெற்கே நம்முடைய கொட்டியாரப்பற்று. சிலர் கொட்டியாபுரப்பற்று என்றும் எழுதுவார்கள். பத்திரங்களில் இரண்டையும் கண்டால் இரண்டு இடம் என்று நினைக்க வேண்டாம். வடக்கே கொட்டியாரக்குடா, தெற்கே வெருகலாறு, கிழக்கே திறந்த கடல், மேற்கே மகாவலியும் காடும். இதற்குள்தான் மூதூர், தோப்பூர், கட்டைபறிச்சான், சேனையூர், சம்பூர், கூனித்தீவு, பள்ளிக்குடியிருப்பு, கிளிவெட்டி, மேன்காமம், கங்குவேலி, ஈச்சிலம்பற்று என்று ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. நாடா பிடித்து அளந்து போட்ட எல்லை இல்லை இது. மழைகாலத்தில் எதைத் தாண்ட முடியாதோ அதுவே எல்லையாக நின்றது.

பற்றுக்கு ஒரு தலைமை இருந்தது. வன்னியர்கள் அதை நடத்தினார்கள். கவிராசவரோதயர் பாடிய கோணேசர் கல்வெட்டு, குளக்கோட்டு மன்னனையும் கோணேசர் கோயிலுக்கு ஊழியம் செய்ய வேண்டிய குடிகளையும் வன்னியரையும் பற்றிச் சொல்கிறது. அதில் எவ்வளவு சரித்திரம், எவ்வளவு ஐதீகம் என்று ஆராய்ச்சியாளர் பேசட்டும். நமக்கு வேண்டியது ஒன்று: அந்த நூலைப் படித்தால், இந்தப் பற்றுகள் நிர்வாகத்துக்காக மட்டும் பிரித்தவை இல்லை, கோயிலுக்கும் குளத்துக்கும் வயலுக்கும் யார் பொறுப்பு என்பதும் அவற்றோடு பின்னிக் கிடந்தது என்று விளங்கும். 1786இல் திருகோணமலையில் ஒல்லாந்த அதிகாரியாக இருந்த வான் செண்டன் இந்தப் பகுதிகளைச் சுற்றிப் பார்த்து நாட்குறிப்பு எழுதினார். அவரும் கொட்டியாரம், தம்பலகாமம், கட்டுக்குளம் என்று பற்றுப் பற்றாகத்தான் போனார். ஒல்லாந்தர் புதிய எல்லை கீறவில்லை. இருந்ததன் மேல் ஏறி இருந்தார்கள்.

மூதூரைப் பற்றி வெளியுலகம் எழுதிய கதை ஒன்று உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் அடித்த புயலில் பாய்மரம் இழந்த ஆன் என்ற ஆங்கிலக் கப்பல், புதிய மரம் வெட்டிக்கொள்வதற்காகக் கொட்டியாரக்குடாவுக்கு வந்தது. கொட்டியாரம் அப்போது கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் கையில். 1660இல் கப்பல் தலைவரையும் அவருடைய மகன் ரொபர்ட் நொக்ஸையும் இன்னும் சிலரையும் அரசனின் ஆட்கள் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். தகப்பன் அடுத்த வருடமே காய்ச்சலில் இறந்தார். மகன் 19 வருடம் கழித்து 1679இல் தப்பி, மன்னார்ப் பக்கம் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் லண்டனில் அவருடைய புத்தகம் வெளிவந்தது. தந்தையும் மகனும் பிடிபட்டதாகச் சொல்லப்படும் மூதூர்ப் புளியமரத்தடியில் 1893இல் வெள்ளைக்காரர் ஒரு கல்லும் நாட்டினார்கள்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லாரும் நொக்ஸின் துன்பத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். நான் அதில் பார்ப்பது வேறு. அன்றைக்குக் கொட்டியாரம் கண்டியின் கடல்வாசல். வெளிநாட்டுக் கப்பற்காரர் அரசனோடு பேச வேண்டுமென்றால் இந்தக் குடாவுக்கு வந்தார்கள். 1660களின் பிற்பகுதியில் ஒல்லாந்தர் இதைப் பிடித்தார்கள். 1672இல் பிரெஞ்சுக் கப்பற்படை வந்து நின்று கண்டி அரசனோடு உறவாடியது, ஒல்லாந்தர் துரத்தினார்கள். 1782 ஒரே வருடத்தில் திருகோணமலை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்கும், ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரருக்கும் கை மாறியது. அடுத்த வருடம் மறுபடி ஒல்லாந்தருக்கு. 1795இல் ஆங்கிலேயர் நிலையாக வந்தார்கள். இத்தனை எசமானர் மாறியும் கொட்டியாரப்பற்று கொட்டியாரப்பற்றாகவே இருந்தது. மேலே யார் என்பது மாறும்போது கீழே எல்லை மாறியே தீர வேண்டும் என்றில்லை. எல்லையை மாற்றுவதற்கு வேறு தேவைகள் வேண்டும். அவை 19ஆம் நூற்றாண்டில் வந்தன.

அதற்குப் போகுமுன் நொக்ஸின் ஊர்ப்பக்கம் ஒருமுறை போய் வருவோம். நம்மைப் பிரித்தவர்களின் சொந்த நாட்டில் எல்லைகள் என்ன பாடுபட்டன என்று அறிவது நமக்கு நல்லது.

நொக்ஸ் 1720இல் இறந்தார். விம்பிள்டனில் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். தாயும் அங்கேதான் அடங்கியிருந்தார். டென்னிஸ் ஆட்டத்தால் இன்று உலகமே அறிந்த அதே விம்பிள்டன். நொக்ஸ் காலத்தில் அது சறே என்ற கவுண்டிக்குள் இருந்த கிராமம். கவுண்டி என்றால் நம்முடைய பற்றையும் மாவட்டத்தையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். 1066இல் நோர்மானியர் படையெடுத்து வருவதற்கு முன்பே பெரும்பாலானவை உருவாகிவிட்டன. 1965 ஏப்ரல் முதலாம் திகதி பெருநகர லண்டன் என்று ஒன்றை உருவாக்கி, விம்பிள்டனைச் சறேயிலிருந்து எடுத்து அதற்குள் போட்டார்கள். நொக்ஸின் கல்லறை ஓர் அங்குலமும் நகரவில்லை, கவுண்டி நகர்ந்துவிட்டது. அதே நாளில் மிடில்செக்ஸ் கவுண்டி நிர்வாக வரைபடத்திலிருந்து முழுதாகவே அழிந்தது. சறேயின் தலைமைக் கந்தோர் கிங்ஸ்டனில் இருந்தது. அந்தக் கிங்ஸ்டனும் லண்டனுக்குள் போய்விட்டது. பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் சறே கவுண்டியின் சபை தன் எல்லைக்கு வெளியே உட்கார்ந்துதான் தன் கவுண்டியை நடத்தியது.

1974இல் வந்தது பெரிய மாற்றம். சிறிய கவுண்டிகளால் செலவு கட்டாது என்று சொல்லிப் பலவற்றைக் கலைத்துச் சேர்த்தார்கள். இங்கிலாந்தின் மிகச் சிறிய கவுண்டிகளில் ஒன்றான ரட்லண்டை லெஸ்டர்ஷயரோடு சேர்த்தார்கள். வடக்கே கம்பர்லண்டையும் வெஸ்ட்மோர்லண்டையும் லங்காஷயரில் ஒரு துண்டையும் யோக்ஷயரில் ஒரு துண்டையும் கோர்த்துக் கம்பிரியா என்று புதுப் பெயர் வைத்தார்கள். இது நிர்வாகத்துக்கு மட்டும்தான், பழைய கவுண்டி மேல் உங்களுக்குள்ள பாசத்தை யாரும் பறிக்கவில்லை என்று அரசாங்கம் சமாதானம் சொன்னது. சனம் அதை அப்படி ஏற்கவில்லை. ரட்லண்ட்காரர் இருபது வருடத்துக்கு மேல் விடாமல் கேட்டார்கள். 1990களில் ஆணைக்குழு வந்து விசாரித்தது. 1997இல் ரட்லண்ட் திரும்பவும் தனி ஆட்சிப் பிரிவானது. கம்பிரியாச் சபை 2023 வரை இருந்தது. அதைக் கலைத்தபோது வந்த இரண்டு புதிய சபைகளில் ஒன்றுக்குக் கம்பர்லண்ட் என்றும் மற்றதற்கு வெஸ்ட்மோர்லண்டும் பேர்னஸும் என்றும் பெயர் வைத்தார்கள். எல்லை பழையபடி அச்சாக வரவில்லை, பெயர் வந்தது. ஐம்பது வருடத்தில் ஒரு தலைமுறை முழுதும் புதுப் பெயரிலேயே பள்ளிக்கூடம் போயிருக்கும். இருந்தும் பழையது போகவில்லை.

இப்போது நம்முடைய இரண்டாவது வேலிக்கு வரலாம். 1833இல் கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசுப்படி ஆங்கிலேயர் முழு இலங்கையையும் ஐந்து மாகாணமாக்கினார்கள். கண்டி இராச்சியத்தை ஒரே துண்டாக விட்டால் மறுபடி எழும்பும் என்ற பயம் அதற்குள் இருந்தது. அதனால் கண்டியின் புறப்பகுதிகளை வெட்டிக் கரையோர மாகாணங்களோடு ஒட்டினார்கள். கிழக்கு மாகாணம் அப்போது மட்டக்களப்பு, திருகோணமலையோடு நிற்கவில்லை. தமன்கடுவையும் அதற்குள் இருந்தது. அதுதான் இன்றைய பொலன்னறுவை மாவட்டம். 1873இல் வடமத்திய மாகாணம் பிறந்தபோது தமன்கடுவை அங்கே போனது. 1889இல் மாகாணங்களின் தொகை ஒன்பதாகி நின்றது. 1961இல் மட்டக்களப்பைப் பிரித்து அம்பாறை மாவட்டம் வந்தது. ஆகவே கிழக்கு மாகாணம் என்று ஒரு பத்திரத்தில் கண்டால் முதலில் அதன் வருடத்தைப் பாருங்கள். 1850இல் எழுதிய கிழக்கு மாகாணமும் 1900இல் எழுதியதும் ஒரே நிலப்பரப்பு இல்லை.

மாகாணம் இப்படி ஆடிக்கொண்டிருக்க, அடியில் பற்றுதான் நிர்வாகத்தின் அலகாக இருந்தது. ஊருக்கு விதானையார், அவருக்கு மேலே உடையார், வன்னியனார், பிறகு டி.ஆர்.ஓ என்று நாங்கள் சொன்ன காரியாதிகாரி. 1963இல் விதானை முறை ஒழிந்து கிராம சேவகர் வந்தார். காரியாதிகாரி போய் உதவி அரசாங்க அதிபர் வந்தார். 1992இன் சட்டத்தோடு அவர் பிரதேச செயலாளரானார். பெயர்ப்பலகை மாறிய ஒவ்வொரு முறையும் பிரிவுகளும் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்குப்பட்டன. நான்கு பற்றாக இருந்த திருகோணமலை இன்றைக்குப் பதினொரு பிரதேச செயலகப் பிரிவு. அதில் கொட்டியாரப்பற்றின் பங்கு மூன்று: மூதூர், சேருவில, வெருகல். ஈச்சிலம்பற்று என்று நாங்கள் சொல்லுவது இந்த வெருகல் பிரிவுக்குள் வருகிறது. கிண்ணியாவை நீங்கள் நம்மோடு சேர்த்துப் பேசுகிறீர்கள், உறவும் வியாபாரமும் அப்படி. பழைய கணக்கில் அது தம்பலகாமப்பற்று.

எந்த வேலையை எந்த வேலிக்குள் தேடுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறப்பு, காணி அனுமதிப்பத்திரம், நிவாரணம் என்றால் பிரதேச செயலகம். தெருவிளக்கு, குப்பை, சந்தை, கட்டட அனுமதி என்றால் பிரதேச சபை. அது 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. இரண்டையும் ஒன்றென்று நினைத்து வெயிலில் அலைகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உறுதியின் வரலாறு தேட வேண்டுமென்றால் திருகோணமலைக் காணிப் பதிவகம். அங்கே இன்னும் பற்றின் பெயர் உயிரோடு இருக்கிறது.

மூன்றாவது வேலி வாக்கு. 1947இல் முதல் பாராளுமன்றத் தேர்தலுக்கு இந்த மாவட்டத்தில் திருகோணமலை, மூதூர் என்று இரண்டு தொகுதி. 1960இலிருந்து மூதூர் இரட்டை அங்கத்தவர் தொகுதி. தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வாழும் இடத்தில் ஒருவரைத் தெரிந்து மற்றவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று செய்த ஏற்பாடு அது. எனக்கு அந்த ஏற்பாட்டில் மரியாதை உண்டு. எல்லையை வெட்டாமல், உள்ளே கதிரையைக் கூட்டினார்கள். 1977 தேர்தலுக்கு முன் அதை எடுத்துவிட்டு, சேருவில என்று புதிய தொகுதியை வெட்டினார்கள். 1989இலிருந்து விகிதாசார முறையில் முழு மாவட்டமும் ஒரே தேர்தல் மாவட்டம்; மூதூர், சேருவில, திருகோணமலை என்பவை வாக்கு எண்ணும் பிரிவுகளாக மட்டும் நிற்கின்றன.

சேருவில எப்படி வந்தது என்று கேட்டால் தண்ணீரிலிருந்துதான் தொடங்க வேண்டும். சேருவிலை விகாரை பழமையானது. காடாகிக் கிடந்ததை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருத்தி எழுப்பினார்கள். 1950களில் மகாவலியின் தண்ணீரை வெருகலாற்றுப் பக்கத்திலிருந்து திருப்பி, அல்லைக் குளத்தை நடுவாக வைத்துக் குடியேற்றத் திட்டம் நடந்தது. காடு வெட்டி வயலாக்கி, வெளிமாவட்டங்களிலிருந்து சிங்களக் குடும்பங்கள் பெருமளவில் வந்தன. இங்குள்ள தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் காணி கிடைத்தது. அதே காலத்தில் கந்தளாயிலும் பெரிய குடியேற்றம். வந்தவர்களில் பெரும்பாலார் காணியில்லாத ஏழைகள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கேயே பிறந்தவர்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் குடியேற்றம் முதலில், அதன்பின் பிரிவு, அதன்பின் தொகுதி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோது, பழைய ஊர்களில் இருந்தவர்களை அழைத்து என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. அந்தக் கேட்காமைதான் பிறகு நஞ்சானது. 2006 ஜூலையில் மாவிலாற்று அணைக்கதவை மூடியபோது அது ஒரு வாய்க்காலைப் பற்றிய பிணக்காக நிற்காமல் முழுப் போராக வெடித்ததற்குப் பின்னால் இந்த ஐம்பது வருடமும் இருக்கிறது.

அந்த வருடம் ஓகஸ்டில் நீங்கள் சின்னப் பிள்ளை. மூதூரிலிருந்து பல்லாயிரம் சனம் கந்தளாய்க்கு நடந்தது. ஓகஸ்ட் 4ஆம் திகதி ஒரு பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் பதினேழு பணியாளர்கள் இங்கே தங்கள் அலுவலக வளவுக்குள்ளேயே கொல்லப்பட்டார்கள். அந்த இடத்தைக் கடந்து போகும்போது இன்றைக்கும் எனக்கு நடை தளர்கிறது. செப்டம்பரில் சம்பூரை இராணுவம் பிடித்தது. 2007இல் சம்பூரும் சுற்றியுள்ள ஊர்களும் உயர்பாதுகாப்பு வலயமாகின. அதற்குள் நிலக்கரி மின்நிலையத்துக்கும் கைத்தொழில் வலயத்துக்கும் நிலம் ஒதுக்கினார்கள். சம்பூர்ச் சனம் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் கிடந்தது.

இதை நினைத்தால் எனக்கு மறுபடி இங்கிலாந்து ஞாபகம் வரும். அங்கே பழைய சாரம் என்று ஓர் இடம் இருந்தது. ஒரு காலத்தில் கோட்டையும் பேராலயமும் இருந்த நகரம். சனம் பள்ளத்தாக்குக்கு இறங்கி இன்றைய சோல்ஸ்பரியைக் கட்டிக்கொண்டது, மேட்டில் யாருமில்லை. ஆனாலும் 1832 வரை அந்த வெறும் மேடு பாராளுமன்றத்துக்கு இரண்டு பேரை அனுப்பியது. நிலத்துக்குச் சொந்தக்காரர் சொன்னவர்தான் உறுப்பினர். சம்பூரில் நடந்தது இதன் மறுபக்கம். சனம் இருந்தது, வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்தது, கிராம சேவகர் பிரிவுக்குப் பெயரும் இலக்கமும் இருந்தன. நிலம் மட்டும் கம்பிக்குப் பின்னால். கூடாரத்துக்குள் இருந்துகொண்டு, கடிதத் தலைப்பில் சம்பூர் கிழக்கு என்று எழுதினார்கள். ஓர் ஊர் கோப்புக்குள்ளும் சனத்தின் நெஞ்சுக்குள்ளும் மட்டும் ஒன்பது வருடம் உயிர்வாழ முடியும் என்று நான் அப்போது கண்டேன். 2015இல் 818 ஏக்கரை விடுவித்தார்கள். அடுத்த வருடம் கடற்படை இருந்த நிலத்தையும் விட்டார்கள். 2016இல் நிலக்கரித் திட்டத்தையும் கைவிட்டார்கள். திரும்பிப் போனவர்களுக்குத் தங்கள் வளவைக் கண்டுபிடிக்க உதவியது எந்தப் பிரதேச செயலக வரைபடமும் இல்லை தம்பி. கிணற்றுக்கட்டும், காளி கோயிலிலிருந்து எத்தனை வளவு தள்ளி என்ற கணக்கும், அயலவரின் ஞாபகமும்தான்.

மாகாணமும் இதே காலத்தில் ஒருமுறை சேர்ந்து பிரிந்தது. 1987 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின் பின் 1988இல் வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணமாகி, திருகோணமலை அதற்குத் தலைநகரானது. 2006 ஒக்டோபரில் அந்த இணைப்பு செல்லாது என்று உயர்நீதிமன்றம் தீர்த்தது. 2007 தொடக்கத்தில் பிரிந்தது. இதை யார் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது அவரவர் சமூகத்தைப் பொறுத்தது. உங்களுக்கும் எனக்கும்கூட இதில் கருத்து ஒன்றாக இராது. ஆனால் இணைத்தபோதும் பிரித்தபோதும் ஒப்பந்தத்தில் வாக்குறுதி தந்த வாக்கெடுப்பு நடக்கவே இல்லை என்பதில் நாம் இருவரும் ஒன்றுபடலாம்.

ஊர் மாறுவதற்கு எல்லைக்கோடு மட்டும் காரணமில்லை, வழியும் காரணம். கொட்டியாரம் துறைமுகமாக இருந்த காலம் போய், ஆழமான உள்துறைமுகம் இருந்த திருகோணமலைக்குக் கோட்டையும் கப்பலும் சந்தையும் நகர்ந்தன. இங்கிலாந்தின் சபோக் கரையில் டன்விச் என்று ஒரு பெரிய துறைமுகம் இருந்தது. 1286இலும் 1328இலும் அடித்த புயல்கள் அதன் வாயை அடைத்து நிலத்தையும் தின்றன. இன்று அது ஒரு சின்னக் கிராமம். நம்மைக் கடல் அப்படித் தின்னவில்லை, 2004 டிசம்பரில் ஒரு காலைப்பொழுது எட்டிப் பார்த்துச் சனத்தை அள்ளிக்கொண்டு போனதைத் தவிர. நம்மிடமிருந்து கப்பல்தான் போனது, குடா இருக்கிறது.

அந்தக் குடாவைத் தாண்டுவதுதான் எங்கள் வாழ்க்கையாக இருந்தது. கச்சேரிக்கு, ஆசுபத்திரிக்கு, கோட்டுக்கு எல்லாவற்றுக்கும் மூதூர்த் துறையில் லோஞ்சு ஏற வேண்டும். தரைவழி என்றால் கங்கை, இறால்குழி, உப்பாறு, கிண்ணியா என்று பாதைக்கு மேல் பாதை, அதாவது மிதவைப் படகு. காற்று அடித்தால் பாதை ஓடாது, நோயாளி கரையில் கிடப்பார். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தது. 396 மீற்றர், அப்போது நாட்டிலேயே நீளமானது. தொடர்ந்து மற்றப் பாலங்களும் வெருகல் பாலமும் வந்தன. எந்தச் சட்டமும் செய்யாத மாற்றத்தை இந்தப் பாலங்கள் செய்தன. கொட்டியாரப்பற்றை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்திருந்தது தண்ணீர்தானே. அது இல்லாமல் போனதும் மூதூர்ப் பிள்ளைகள் காலையில் பஸ் ஏறித் திருகோணமலைக்குப் படிக்கப் போய் அந்திக்கு வருகிறார்கள். வெருகலில் இருக்கிறவருக்கு வாழைச்சேனைச் சந்தை கிட்ட ஆகிவிட்டது. முதல் வேலியின் கதியால்களில் சில இப்படித்தான் சத்தமில்லாமல் விழுந்தன. இதில் எனக்குக் கவலையில்லை. கரையில் காத்துக் கிடந்து செத்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

அப்படியானால் பற்று என்று எதுவும் மிஞ்சவில்லையா என்று கேட்பீர்கள். மிஞ்சியிருக்கிறது. வெருகல் முருகன் கோயில் திருவிழாவுக்கு ஆற்றின் இரண்டு கரையிலிருந்தும் சனம் போகிறது. எந்த மாவட்டம் என்று யாரும் கேட்பதில்லை. மூதூர் முஸ்லிம் வீடுகளில் தோப்பூரிலும் கிண்ணியாவிலும் சம்பந்தம் செய்வது செயலகப் பிரிவு பார்த்து இல்லை. கிளிவெட்டிக்காரர் மேன்காமத்துக்குப் பெண் கொடுக்கும்போது அந்த ஊர் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. உறுதிகளில் பாருங்கள்: எல்லை சொல்லும்போது வடக்கே இன்னாரின் காணி, கிழக்கே ஆறு, தெற்கே ஒழுங்கை, மேற்கே இன்னாரின் வளவு என்றுதான் எழுதியிருக்கும். மாகாணமும் மாவட்டமும் பற்றும் தலைப்பில் வரும்; காணியைப் பிடித்து வைத்திருப்பது அயலவரும் ஆறும். வழக்கில் நீதிமன்றம் முதலில் பார்ப்பதும் அந்த நான்கு எல்லையைத்தான். பற்றின் பெயர் பழையதாக இருக்கிறது என்பதற்காக உறுதி செல்லாமல் போகாது. பற்று எந்தச் செயலகப் பிரிவுக்குள் இப்போது வருகிறது என்பதற்கு ஒரு கடிதம் எடுத்து இணைத்தால் போதும்.

இன்னும் முடியாத ஒரு காரியம் தோப்பூர். தனிப் பிரதேச செயலகம் வேண்டும் என்று அந்தச் சனம் நீண்ட காலமாகக் கேட்கிறது. உப செயலகத்தோடு நிற்கிறது. அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது என்பதே என் எண்ணம். ஒரு கையெழுத்துக்கு மூதூர் வரை வந்து, அதிகாரி கூட்டத்தில் இருக்கிறார் என்று திரும்பிப் போன தாய்மாரை நான் மறக்கவில்லை. ஆனால் எந்தெந்தக் கிராம சேவகர் பிரிவு அதற்குள் வர வேண்டும் என்று கேட்டால், முஸ்லிம் ஊருக்கு ஒரு கணக்கு, தமிழ் ஊருக்கு ஒரு கணக்கு, சிங்களக் குடியேற்றத்துக்கு ஒரு கணக்கு. வரைபடத்தைக் கச்சேரிக்குள் பூட்டி வைத்துக் கீறி, கடைசியில் வர்த்தமானியில் காட்டினால் பழைய பிழைதான் திரும்பும். ரட்லண்டில் செய்ததுபோலப் பகிரங்கமாக விசாரிக்கலாம். பள்ளிவாசல், கோயில், விகாரை, விவசாயச் சங்கம், மீனவர் சங்கம் எல்லாவற்றையும் கூப்பிட்டு, கோடு எங்கே போகப்போகிறது என்று சுவரில் தொங்கவிட்டுக் காட்டலாம். பாட்டாளிபுரம், நல்லூர்ப் பக்கத்தில் வேடர் வழிவந்த குடும்பங்கள் இருக்கின்றன. இந்தப் பற்றின் காட்டையும் களப்பையும் நம்மெல்லாருக்கும் முன்பிருந்து அறிந்தவர்கள். கூட்டத்துக்கு வரச் சொல்லி அவர்களுக்கும் கடிதம் போக வேண்டும். அங்கே பஸ் போகாது, அதனால் அழைத்து வர வாகனமும் அனுப்ப வேண்டும். அடுத்த மாதம் செயலகத்தில் உங்கள் சங்கத்துக்குப் பேச நேரம் கிடைத்தால் இதை எழுத்தில் கொடுங்கள், தம்பி. வரைவு நான் எழுதித் தருகிறேன்.